ஊறவைத்தது யார்?

பேக்டு பீன்ஸ் செய்முறை எதை எடுத்துப் படித்தாலும் முதல் வரியிலேயே ஓர் ஆளைக் காணோம். ‘ஊறவைத்த வெள்ளை பீன்ஸ் – இரண்டு கப்’ என்று தொடங்கும். ஊறவைத்தது யார், எப்போது, எந்த வேலைக்கு நடுவில் என்பது அந்த வரியில் இல்லை. நம்முடைய சமையல் குறிப்புகளும் இப்படித்தான். துருவிய தேங்காய் ஒரு மூடி, உரித்த சின்ன வெங்காயம் இருபது, பிதுக்கிய மொச்சை ஒரு கப். தேங்காயும் வெங்காயமும் கடையில் வாங்கும் பொருள்கள். துருவுவதும் உரிப்பதும் வேலை. வேலையைப் பெயரெச்சமாக்கிப் பொருளின் தலையில் ஒட்டிவிட்டால் அதுவும் கடையில் வாங்கிவந்ததுபோல ஆகிவிடுகிறது. அதன்பிறகு ‘செய்ய ஆகும் நேரம்: 20 நிமிடம்’ என்று கூசாமல் போடலாம். மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் நசுக்கித் தோல் நீக்கியவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு கப்புக்குப் பின்னால் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று.

பேக்டு பீன்ஸ் அமெரிக்கக் கொல்லைப்புற விருந்தில் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம். வெளியே புல்தரையில் கரி அடுப்பில் இறைச்சி வேகும். அதற்குத் துணையாக ஒரு பாத்திரத்தில் இது. இறைச்சி வாட்ட ஒரு மணி நேரம் போதும். பீன்ஸுக்கு முந்தின இரவே வேலை தொடங்குகிறது. எட்டு மணி நேரம் ஊற வேண்டும், பிறகு வேக வேண்டும், பிறகு வெங்காயம், கடுகுப்பொடி, கரும்புப்பாகின் கசண்டு, உப்புப்போட்ட பன்றிக்கொழுப்பு எல்லாம் சேர்ந்து மிதமான சூட்டில் ஆறேழு மணி நேரம் கிடக்க வேண்டும். பழைய பாஸ்டன் நகரத்தில் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு இதுதான். ஞாயிறு கர்த்தரின் நாள், அன்று அடுப்பு வேலை கூடாது என்பது பியூரிட்டன்களின் கட்டுப்பாடு. ஆகவே சனிக்கிழமையே பானை அடுப்புக்குள் போய்விடும். மிச்சம் ஞாயிற்றுக்கும் ஆகும். ஓய்வுநாளின் புனிதத்தைச் சனிக்கிழமை காத்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரும்புப்பாகும் கரீபியன் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. அவர்களும் குறிப்பில் இல்லாதவர்கள்.

வெளியே நடப்பது வேறு கதை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கொல்லை அடுப்பு பரவியது. மூடி போட்ட உருண்டை வடிவ வெபர் அடுப்பை ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல் உருவாக்கினார். வாரம் முழுக்கச் சமையலறைப் பக்கம் போகாத ஆண் சனிக்கிழமை மாலை ஏப்ரன் கட்டிக்கொண்டு நெருப்பின் முன் நின்றார். சுற்றிலும் நண்பர்கள், கையில் பியர். சமையல் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் அது வேலை என்பதிலிருந்து வித்தை என்பதாக மாறிவிட்டது.

ஸ்ரீரங்கத்துக்காரிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாகம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் உயர்ந்த சமையலுக்கு இரண்டு பெயர்கள்: நளபாகம், பீமபாகம். இரண்டும் ஆண்பெயர்கள். நளன் உருமாறி இருதுபன்னனிடம் இருந்தபோது சமைத்தான். பீமன் விராடனின் மடைப்பள்ளியில் ஓராண்டு ஒளிந்திருந்தபோது சமைத்தான். வேளை முடிந்ததும் இருவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அரசாளப் போய்விட்டார்கள். தற்காலிக வேலையில் இருந்தவர்களுக்கு நிரந்தரப் பட்டம்! ஆயுள் முழுக்கச் சமைத்தவளுக்குக் கிடைத்த சொல் ‘கைப்பக்குவம்’. பாகம் என்றால் கற்றுத் தேர்ந்த கலை. கைப்பக்குவம் என்றால் கையோடு பிறந்தது, அவளே அறியாமல் வந்தது. ‘அம்மா கைப்பக்குவம்’ என்று உருகும் கட்டுரைகள் எனக்கு ஒவ்வாமல் போவதற்கு இதுதான் காரணம். அவை புகழ்ந்துகொண்டே அறிவைப் பிடுங்கிக்கொள்கின்றன.

அது அறிவுதான் என்பதற்கு பேக்டு பீன்ஸே சாட்சி. முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். ஊறிய பீன்ஸை வேகவிடாமல் நேரே பாகிலும் தக்காளியிலும் போட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் கல்லாகவே இருக்கும். புளிப்பும் சர்க்கரையும் பாகிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இதை உணவு வேதியியல் புத்தகம் சொல்லும். ‘பருப்பு வேகிறதுக்கு முன்னாடி புளியை விட்டுடாதே’ என்று ஸ்ரீரங்கத்துச் சமையலறைகளில் சொல்லப்படுவதும் இதேதான். நான் வெள்ளை பீன்ஸுக்குப் பதில் காய்ந்த மொச்சையையும், கரும்புப்பாகுக் கசண்டுக்குப் பதில் மண்டை வெல்லத்தையும், பன்றிக்கொழுப்புக்குப் பதில் நல்லெண்ணெயையும் வைத்துச் செய்துபார்த்தேன். மொச்சை மலர வெந்த பிறகே வெல்லமும் துளிப் புளியும் கடுகுப்பொடியும் சேர்த்தேன். மண்சட்டியில் சிறு தீயில் இரண்டரை மணி நேரம். நன்றாகவே வந்தது. பாஸ்டன்காரியும் ஸ்ரீரங்கத்துக்காரியும் பேசிக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கைப்பக்குவம் என்றால் வேதியியலுக்கும் அதே பெயரை வைக்கலாம்.

செய்துபார்க்கத் தூண்டியது பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டைமாடி பார்பிக்யூ. சைவம்தான், பன்னீரும் குடைமிளகாயும் அன்னாசியும் கம்பியில் கோத்துக் கரியில் வாட்டினார்கள். கம்பியைத் திருப்பியவர்கள் ஆண்கள். மாவில் புரட்டி ஊறவைத்தது, சட்னி அரைத்தது, தொட்டுக்கொள்ள நான்கு வகை செய்தது, இரண்டு மாடி தூக்கிவந்தது, மறுநாள் கம்பியைத் தேய்த்தது யாரெல்லாம் என்று எண்ணிப்பார்த்தேன். கடைசி வேலை மட்டும் வீட்டுப் பெண்களும் செய்யவில்லை. அதற்கு வேறொரு பெண், மாதச் சம்பளத்துக்கு, காலையில் வந்தார்.

இங்கே ‘கொல்லை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பேக்யார்ட் என்றதும் நாம் கொல்லைப்புறம் என்று சட்டென்று மொழிபெயர்த்துவிடுகிறோம். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தெருவிலிருந்து நீளமாக ஓடும் பழைய வீடுகளின் கடைசியில் இருந்த கொல்லை ஓய்வுக்கான இடமாக இருந்ததில்லை. கிணறும் துவைக்கிற கல்லும் மாடும் கழிவறையும் அங்கே. மாதவிலக்கு நாட்களில் ‘தூரம்’ என்று பெண்கள் ஒதுங்கிக் கிடந்ததும் அந்தப் பக்கம்தான். பாத்திரம் தேய்க்கவும் கழிவறை சுத்தம் செய்யவும் வந்தவர்கள் முன்வாசலில் நுழைய முடியாது. சந்துவழியாகக் கொல்லைக்கு வருவார்கள். தீட்டும் சாதியும் சேர்ந்து வகுத்த இடம் அது. அதே கொல்லையில் கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பு மூட்டியதும் நிலைமை தலைகீழாகும். பரிசாரகர்கள் வருவார்கள், அண்டா ஏறும், ஆண்கள் சமைப்பார்கள், ஊரே மெச்சும். முந்தின நாள்வரை ஒதுக்கப்பட்டவர்களின் இடம், ஆணின் நெருப்பு வந்ததும் அரங்கமாகிவிடுகிறது.

கோயிலிலும் மடைப்பள்ளி ஆண்களுடையதே. பெரிய பெருமாளுக்குப் புது மண்பானையில் தளிகை. வீட்டில் தினமும் சமைக்கும் கை இங்கே சமைக்கத் தகுதியில்லாதது. ஆனால் கவனியுங்கள், ரொட்டியும் வெண்ணெயும் அரங்கனுக்கு நைவேத்தியமாகின்றன. துலுக்க நாச்சியாருக்காக, பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சுல்தானின் மகளுக்காக. அவளுடைய உணவு உள்ளே வந்துவிட்டது. அதைச் சுடுகிற கை மட்டும் ஆணின் கை. ரங்கநாயகித் தாயாருக்கு ‘படிதாண்டாப் பத்தினி’ என்று பெயர். தன் சன்னதியின் படியைத் தாண்டி அவள் வெளியே வருவதில்லை, பங்குனி உத்திரத்தில் அவர்தான் அவளிடம் வருகிறார். இதைப் பெருமையாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வாசற்படிக்கு உள்ளே செய்தால் கடமை, வெளியே செய்தால் கலை என்கிற கணக்குக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம்.

தாயாரின் நவராத்திரி உற்சவ நாட்களில் வீடுகளில் கொலு. கொலுவின் தொட்டுக்கொள்ளல் சுண்டல். ஒன்பது நாள், ஒவ்வொரு நாளும் ஒரு பயறு: கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி. வருகிற பெண்கள் படிகளையும் பொம்மைகளையும் பார்ப்பார்கள். சுண்டல் பொட்டலமாகக் கைக்குப் போய்விடும். இதில் தாளிக்கும் வேலை ஐந்து நிமிடம். கனமான வேலை வேறு: இரவு பத்து மணிக்கு, எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, நாளைக்கு என்ன கிழமை, எந்தப் பயறு, எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்து ஊறப்போடுவது. கால் கிலோ கடலை காலையில் அரைக் கிலோவுக்கு மேல் ஊறியிருக்கும். மறந்தால் மறுநாள் முழுக்கக் கெட்டது. ‘ஊறப்போட்டியா?’ என்ற கேள்வி வீட்டில் யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது? ஆணிடம் அது கேட்கப்பட்டு நான் கேட்டதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். நமக்கு மிகவும் பயன்படும் எண்கள் இவை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நாளை அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டிக் கேட்டது. பயறு ஊறப்போடுவதற்கு ஆவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக நாள் முழுக்க மனத்தின் ஓரத்தில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை எந்தத் துண்டில் எழுதுவது?

சமையலறையைப் பற்றி எழுதிய இரண்டு பெண்களை இங்கே சேர்த்து வாசிக்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர், மாமா கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் ஊக்கப்படுத்த, வாய்வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்ததை ஆழாக்குக் கணக்கில் எழுதிவைத்தார். கைப்பக்குவம் என்று மூடிவைத்ததை அளவாக, வரிசையாக, அச்சில் மாற்றிய காரியத்தை நாம் இன்னும் முறையாக மதிப்பிடவில்லை. அது ஒரு பெண் எழுதிய பாடநூல். இருந்தாலும் தலைப்பைக் கவனித்தால் அது ஏவல் வினை. பார் என்று ஏவப்படும் ‘நீ’ யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகப் புதுப்பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, மாப்பிள்ளையின் பெட்டியில் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இன்னொரு முனையிலிருந்து வருகிறது. அதில் சமையலறையை மாற்றிக்கட்டச் சொல்லும் மருமகளுக்குக் கிடைப்பது, வெளியே தெரிந்த மலையையும் மறைக்கும் துணிக்கொடி. அம்பை இடத்தைக் கேட்கிறார், மீனாட்சி அம்மாள் அளவைக் கொடுக்கிறார். முதல் நாள் இரவின் ஞாபகத்தை இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு மேலே பேச வேண்டியிருக்கிறது.

ஆண்கள் சமைக்க வர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம். வந்திருக்கிறார்கள், அது நல்லதுதான். தீ மூட்டவும் திருப்பவும் பரிமாறவும் வந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவிகளிடம் பேசும்போது, ‘எங்க வீட்ல அப்பாவும் சமைப்பார்’ என்று ஒருத்தியாவது சொல்லாத கூட்டமில்லை. அப்போது நான் கேட்கும் துணைக்கேள்வி ஒன்றுதான்: அப்பா சமைக்கிற நாளில் ஊறப்போடுவது யார்? சிரிப்பு வரும், பிறகு கொஞ்சம் அமைதி.

மொச்சை பேக்டு பீன்ஸை என் குறிப்பேட்டில் எழுதியபோது பொருள்களின் பட்டியலில் ‘ஊறவைத்த’ என்று எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது இப்படித் தொடங்குகிறது: காய்ந்த மொச்சை ஓர் ஆழாக்கு. முந்தின இரவு பத்து மணிக்கு ஒருவர் இதைக் களைந்து மூன்று பங்கு தண்ணீரில் போட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை விருந்துக்கு ஆட்களை அழைப்பதற்கு முன்பே பேசி முடிவுசெய்யவும்.