இணைப்புத் தடை யார் தலையில் விழுகிறது?

வேல்ஸில் லான்ஃபாய்ஸ்ட் என்ற ஊரில் 98 வீடுகளும் ஒரு தொடக்கப் பள்ளியும் கட்ட வந்த நிறுவனம், அருகிலிருந்த பாதாளச் சாக்கடையில் இணைப்புக் கேட்டது. அந்தக் குழாய் தாங்காது, சுமார் 300 மீட்டர் தள்ளி இணையுங்கள் என்றது அப்பகுதியின் கழிவுநீர் நிறுவனமான வெல்ஷ் வாட்டர். வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. குழாயில் இடமில்லை என்பதற்காக இணைப்பை மறுக்க முடியாது, தடுப்பதானால் கட்டட அனுமதி தரும்போதே தடுத்திருக்க வேண்டும் என்று 2009 டிசம்பரில் தீர்ப்பானது. அப்போது 21 நாள் அவகாசம் தந்து தெரிவித்தாலே போதுமாக இருந்தது. காலராவுக்கு அஞ்சி, வீட்டுக் கழிவெல்லாம் குழாய்க்குள் போனால் சரி என்றிருந்த 19ஆம் நூற்றாண்டின் உரிமை இது. நிரம்பி வழியும் குழாய்க்கு அந்தப் பழைய உரிமை ஏற்றதல்ல.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதற்கு நேர் எதிர். அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவர்கள் ஆண்டுதோறும் மார்ச் 31க்குள் வரத்துக் கணக்கை அரசுக்குக் காட்ட வேண்டும். தொடர்ந்து 3 மாதம் சராசரி வரத்து கொள்ளளவைத் தாண்டினால் புதிய இணைப்புக்குத் தடை. அடுத்த 5 ஆண்டுக்குள் தாண்டும் என்று தெரிந்தாலே இணைப்புகளைக் குறைத்து, 90 நாளில் தீர்வுத் திட்டம் தர வேண்டும். விதியின் உயிர்நாடி இந்த ஐந்தாண்டுதான். நிதி திரட்டி, அனுமதி வாங்கி, நிலையத்தை விரிவாக்கி முடிக்கவே ஆண்டுகள் ஓடிவிடும். தடை வந்துவிடும் என்ற பயம் இல்லாமல் எந்த நகராட்சியும் கழிவுநீர்க் கட்டணத்தை உயர்த்தத் துணியாது.

ஆனால் அந்த ஐந்தாண்டுக் கணிப்பை எழுதுவது யார்? பெரும்பாலும் புதிய வீடுகளின் சொத்து வரியை எதிர்பார்த்திருக்கும் உள்ளூர் அமைப்புகளே. விதியின் பலவீனம் இங்கே தொடங்குகிறது.

அதைவிடப் பெரிய குறை, சுமை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பல ஊர்களில் வீட்டை விற்குமுன் சாயச் சோதனை செய்ய வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தெருவில் மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே சாயம் ஓடினால் அந்தக் கூரையின் மழை முழுவதும் சாக்கடையில்தான் விழுகிறது. வெடித்த பழைய குழாய்களுக்குள் நிலத்தடி நீரும் கசிகிறது. நிலையம் திணறுவது பெரும்பாலும் மழைக்காலத்தில்தான். பழைய வீடுகள் அனுப்பும் மழைநீருக்கு, புதிதாக வீடு கட்ட வருபவர் தண்டனை அனுபவிக்கிறார்! ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. அதுவும் முன்னால் வந்தவருக்கே சாதகம். நகருக்குள் கதவு அடைபட்டால் வீடுகள் செப்டிக் டேங்கை நம்பி ஊருக்கு வெளியே பரவும், மாசு நிலத்தடிக்கு இடம் மாறும்.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சுத்திகரிக்காத கழிவு ஆற்றில்தான் கலக்கும், ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் அதைச் சுமக்கும். ஒரு புதிய வீடு சேர்க்கும் கழிவைவிடக் கூடுதலான மழைநீரைப் பழைய குழாய்களிலிருந்து அகற்றிய பிறகே இணைப்பு என்று விதிக்கலாம். செலவைக் கட்டுநரும் நகராட்சியும் பகிரட்டும். ஐந்தாண்டுக் கணிப்பை, வரி வருமானத்தில் பங்கில்லாத ஒருவர் தணிக்கை செய்யட்டும்.