ஒட்டுத் தெரியாத குரலுக்கு எந்தப் பாட்டு?

பெண்களின் கலப்புக் குரல் பயிற்சிக்கென்று கைமாறும் பாடல் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை உறுத்துகிறது. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் நல்ல பாடல்கள்தான். எதற்கு நல்லவை என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. மேடையில் கைதட்டல் வாங்கும் பாட்டு ஒன்று, குரலைத் திருத்தும் பாட்டு வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதால் எத்தனையோ இளம் குரல்கள் மேல் ஸ்தாயியில் கத்திக் கத்தித் தடித்துப் போயிருக்கின்றன.

நெஞ்சுக் குரலில் குரல்நாண்கள் தடித்து அதிர்கின்றன. தலைக் குரலில் இழுபட்டு மெலிந்து அதிர்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டும் கைமாறும் இடம் ஏறக்குறைய 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. கலப்புக் குரல் என்பது மூன்றாவதாக ஒரு குரல் அன்று. அந்த ஒட்டு காதுக்குத் தெரியாதபடி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்துக்கொண்டே மேலேறும் திறன் அது. இத்தாலியப் பாடகர் தோசி 1723இல் எழுதிய நூலில் வேண்டியதும் இதுதான். நம் மரபில் மெலிந்த குரலைக் ‘கள்ளக் குரல்’ என்று கண்டிக்கும் வழக்கம் இருந்தது. அது சுருதிக்கும் மூச்சுக்கும் உறுதி தந்தது. மெலிந்த குரலை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகவும் ஆக்கிவிட்டது. முன்னதற்கு நன்றியோடு இருந்துகொண்டே பின்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு பாட்டை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு உயரம் போகிறது என்பதை அல்ல. ஒட்டு இருக்கும் இடத்தை அது எத்தனை முறை, எவ்வளவு நிதானமாகக் கடக்கிறது என்பதையே பார்க்கிறேன். இதில் பாட்டைவிடச் சுருதிக்குத்தான் முதல் பொறுப்பு. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்குக் கீழ் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். சதுஸ்ருதி தைவதம் 330ஐ ஒட்டியும் மேல் ஷட்ஜம் 392இலும் விழும். அதாவது தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம் மூன்றும் சரியாக ஒட்டின் மேலேயே உட்காருகின்றன. 4 கட்டைக்கு இறக்கினால் அதே மேல் ஷட்ஜம் 349க்கு வந்துவிடும். 6 கட்டைக்கு ஏற்றினால் பஞ்சமத்திலேயே ஒட்டு தொடங்கிவிடும். பாட்டு ஒன்றுதான், பயிற்சி மூன்று விதம். கரோக்கி ட்ராக்கை அரைக் கட்டை இறக்குவதைக் கௌரவக் குறைவாக எண்ணுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் உயிரெழுத்து. நம் விமர்சனத்தில் இது ஏறக்குறைய பேசப்படுவதே இல்லை. ஆகாரத்தில் வாய் அகலத் திறக்கிறது. வாய், தொண்டைக் குழியின் முதல் ஒத்ததிர்வு உயர்ந்து நிற்கிறது. அதனால் ஒட்டைத் தாண்டியும் நெஞ்சுக் குரலை இழுத்துக்கொண்டே போகும் ஆசை வருகிறது. கத்தல் பிறப்பது அங்கேதான். இகரத்திலும் உகரத்திலும் அந்த ஒத்ததிர்வு தாழ்ந்திருப்பதால் குரல் தானாகவே மெலிந்து திரும்பும். ஆனால் எடை முழுவதும் கழன்றுபோகும் ஆபத்து உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏகாரம். தமிழ்ப் பாட்டு பூவையும் வேலனையும் அழைக்கும்போது விளியாக வருவதும் இந்த ஏகாரம்தான். ஆகார சாதகத்தையே முழுப் பயிற்சியாகக் கொள்ளும் வழக்கம் இந்த வேறுபாட்டைக் காட்டாமலே விட்டுவிடுகிறது.

இனிப் பாடல்கள். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பாடிய ‘பழம் நீயப்பா’ ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் உருவான கலையின் சிகரம். நெஞ்சுக் குரலின் முழு எடையும் உச்சிவரை செல்கிறது. வணங்கத்தக்க சாதனை, ஆனால் ஒட்டையே மறுக்கிற முறை. கலப்பைத் தேடுபவர் அதிலிருந்து கற்க முடிவது குறைவு, காயப்பட வாய்ப்பு அதிகம். எல். ஆர். ஈஸ்வரியின் ‘எலந்தபழம்’ (பணமா பாசமா, 1968) பேச்சுக் குரலின் துடிப்பை அப்படியே பாட்டாக்குகிறது. அதே பாடகி ‘வெள்ளி விழா’வில் (1972) ‘காதோடுதான் நான் பாடுவேன்’ என்று குரலைக் கிசுகிசுப்பின் எல்லைவரை மெலித்தார். இரு முனைகளையும் ஒரே தொண்டை ஆண்டது என்பதற்கு இவை சான்று. முனையிலிருந்து முனைக்கு நடக்கும் வழியை இரண்டு பாட்டும் காட்டவில்லை.

‘சிங்கார வேலனே தேவா’ (கொஞ்சும் சலங்கை, 1962) எல்லாப் போட்டிகளிலும் எடுக்கப்படும் பாட்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு எதிரே எஸ். ஜானகியின் குரல் கனமின்றி, துல்லியமாக ஓடுகிறது. பயிற்சிக்கு அதன் வேகமே குறை. ஒட்டை நொடிக்குள் தாண்டிவிடுவதால் கற்பவருக்குத் தன் பிழை காதில் விழுவதில்லை. பாம்பே ஜெயஸ்ரீயின் ‘வசீகரா’ (மின்னலே, 2001) இதற்கு நேர் எதிர். சத்தம் போடாமல் பாட முடியும் என்ற ஒழுக்கத்தை அது கற்பிக்கிறது. ஆனால் பெரும்பகுதி தாழ்ந்த இடங்களிலேயே உலவுகிறது. பயில்பவர் அதன் மென்மையை மூச்சுக் காற்றாகப் புரிந்துகொண்டால் நாண்கள் சேராமல் குரல் கசியும். சுருதியை ஏற்றிப் பாடினால் மட்டுமே இது கலப்புக்கு உதவும்.

ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘செந்தூரப்பூவே’ (16 வயதினிலே, 1977) விளியின் ஏகாரத்தில் நிற்கிறது. இலகுவான குரலைக் கேட்கிறது. குறையும் அதே இடத்தில்தான். அந்தச் சிறுபெண் சாயலைப் போலி செய்பவர் தொடக்கத்திலேயே மெலிந்த குரலை எடுத்துக்கொள்கிறார். கலப்பதற்கு நெஞ்சுக் குரல் அங்கே மிச்சமிருப்பதில்லை. ‘ஜானி’யின் (1980) ‘காற்றில் எந்தன் கீதம்’ இன்னும் உயர்ந்த அமைப்பு. இளையராஜா மெட்டைத் தேடலாகவே ஏற்றிச் செல்கிறார். ஜானகி எங்கும் தள்ளாமல் ஏறுகிறார். ஆனால் ஏறும்போது உணர்ச்சியும் கூடவே ஏறுவதால், பக்குவப்படாத குரல் அழுத்தத்தை உணர்ச்சி என்று நம்பிவிடும். இதைத் தேர்வாக வைக்கலாம், பாடமாக வைக்கலாகாது.

என் தீர்ப்பு பி. சுசீலாவின் ‘நாளை இந்த வேளை பார்த்து’க்கு (உயர்ந்த மனிதன், 1968). பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதை அவருக்குத் தந்தது என்பதற்காக அல்ல. தொடக்க அடிகளில் ஏகாரம் திரும்பத் திரும்ப வந்து நீண்டு நிற்கிறது; பல்லவியோ நிலவை அழைக்கும் ஆகாரத்தில் போய் முடிகிறது. எளிதான உயிரில் பழக்கிவிட்டு, கடினமான உயிரில் சோதிக்கும் வரிசை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எம். எஸ். விஸ்வநாதனின் மெட்டு அவசரப்படுத்துவதில்லை. சுசீலாவின் குரல் மேலே போகும்போது மெலிகிறது, வெளுப்பதில்லை. கீழே வரும்போது தடிக்கிறது, கனப்பதில்லை. ஆவேசத்துக்கு இதில் இடமில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லலாம். முழு வீச்சில் பாட விரும்புபவருக்கு இது அடக்கமாகத் தோன்றும். அந்த வீச்சை வேறு பாட்டில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பாடுபவர் முதலில் தன் ஒட்டு விழும் இடத்தைத் தம்புராவோடு கண்டுபிடித்துக்கொள்ளட்டும். பல்லவியின் கடைசி ஆகாரம் அந்த இடத்தைத் தொடும்படி சுருதியை அமைக்கட்டும். பிறகு அந்த ஒரே அடியை, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழாத அளவுச் சத்தத்தில், காற்றுக் கசியாமல் பாடிப் பார்க்கட்டும். அங்கே குரல் உடைந்தால் ‘காற்றில் எந்தன் கீதம்’ இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டும்.