மீளாத லோகிதாசன்

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில் ஓர் இரவு, அரிச்சந்திர மயான காண்டத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அரவு தீண்டி இறந்த மகன் லோகிதாசனை மடியிற்கிடத்திச் சந்திரமதி புலம்பும் கட்டம் நெடுநேரம் நீண்டது. பிள்ளையைச் சுட வந்தவளிடம் கூலி கேட்கும் சுடலைக் காவலன் அவள் கணவனே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தந்தையும் ஒரே துயரில் நின்றும் ஒருவரையொருவர் அறியாது போவதை இக்கட்டம் நன்கு உணர்ந்திருக்கிறது. நம்மருகே அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் அதுவரை அசையாது பார்த்திருந்தார். மகனை இழந்து பதினோராண்டுகள் ஆனவர். லோகிதாசன் உயிர்பெற்று எழும் நேரம் நெருங்கவே, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் செய்ததே தக்க திறனாய்வு. கதை அவ்விடத்தில்தான் தளர்கிறது. சிறுத்தொண்டர் வரலாற்றிலும் சீராளன் ஓடி வந்துவிடுகிறான். நம் விவிலியத்தை மட்டும் விட்டுவிடுவானேன்? யோபு நூலின் முடிவில் ஆடுகளும் ஒட்டகங்களும் இருமடங்காகின்றன. ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் புதிதாய்ப் பிறக்கின்றனர். மாண்ட பத்துப் பேரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆறுதல் கூற வந்த நண்பர்களைக் கண்டித்த அம்மாபெரும் நூல், இறுதியில் அந்நண்பர்களைப் போலவே பேசிவிடுகிறதோ என ஐயுறுகிறோம். இது உயிர்ப்பின் நம்பிக்கையை மறுப்பதன்று. இலாசரை எழுப்பவிருந்த ஆண்டவரே முதலில் கண்ணீர் விட்டார் அல்லவா?

ஜேடர்பாளையத்தைக் கடந்து செல்லும் அதே காவிரியின் கரையிலுள்ள கும்பகோணத்தில், 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். இருபதாண்டுகள் கடந்தும், அந்நாளில் பெற்றோர் பள்ளியின் முன் படங்களை வைத்து, பிள்ளைகள் விரும்பிய தின்பண்டங்களைப் படைத்து அழுகின்றனர். ‘இன்னுமா?’ என்பாருளர். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து வாழ்வை முடக்கும் துயரை நோயெனக் குறிக்கிறது. அன்றாட வாழ்வையே நடத்த இயலாதவர்க்கு மருத்துவத் துணை வேண்டும்; அதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும், அவரவர் சமூக, சமய வழக்கத்தை மீறியதா என்றும் அவ்வகைப்பாடே பார்க்கச் சொல்கிறது. ஆண்டுக்கொரு முறை பிள்ளைக்குத் தின்பண்டம் வைப்பது நோயன்று.

இதனை நன்கறிந்தவர் மத்தேயு. பெத்லகேம் குழந்தைகளின் படுகொலையைச் சொல்லுமிடத்தில், ஆறுதல் பெற மறுக்கும் இராகேலை எரேமியாவிடமிருந்து அவர் எடுத்தாள்கிறார். எரேமியாவில் அடுத்த வரிகளிலேயே, பிள்ளைகள் திரும்பி வருவர் என்னும் வாக்குறுதி இருக்கிறது. மத்தேயு அதனை எடுக்கவில்லை; இராகேலை அழவிட்டுவிட்டு, எகிப்துக்குத் திரும்பிவிடுகிறார்.

மாசில்லாக் குழந்தைகள் விழாவான டிசம்பர் 28 அன்று இப்பகுதியே நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. நாம் கேட்ட மறையுரைகள் பெரும்பாலும் ஏரோதைப் பற்றியவை. இராகேலைப் பற்றி ஒன்றிரண்டே கேட்டிருக்கிறோம்.