அணியைக் கட்டுகிறவரை ரசிப்பது எப்படி?

2025 மே 18. என்பிஏ பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டம், ஓக்லஹோமா சிட்டியில். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டென்வர் நகெட்ஸின் நிக்கோலா யோக்கிச் 211 செ.மீ. உயரம், இன்றைய சென்டர்களில் அவருக்கு இணை கிடையாது. அவரை மறிக்க ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி நெடுநேரம் நிறுத்தியது அலெக்ஸ் கரூசோவை. கரூசோ 196 செ.மீ. உயரமுள்ள கார்டு. யோக்கிச்சின் உடம்போடு ஒட்டி நின்று, அவர் கைக்கு வரும் பந்துக்கு முன்னால் பாய்ந்து, இடி வாங்கியும் நகராமல் நின்றார். தண்டர் 125-93 என்று ஜெயித்தது.

அந்த ஏற்பாடு பயிற்சியாளருடையது. ஆனால் கரூசோ அந்த அணியில் இருந்ததற்குக் காரணம் ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி. ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிப் பட்டியலில் மேனேஜர் பெயர் இருக்காது. அவருடைய வேலையைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கூடைப்பந்து பார்ப்பதில் இன்னொரு கதவு திறக்கிறது.

முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐபிஎல் போல சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும்பாலான வீரர்களைக் கலைத்து ஏலம் விடும் வழக்கம் என்பிஏவில் இல்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் 15 வீரர்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் அது சுமார் 14 கோடி டாலர். சில விதிவிலக்குகளின் கீழ் அதைத் தாண்டலாம், ஆனால் தாண்டத் தாண்டக் கட்டுப்பாடுகள் இறுகும். புது வீரர் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் வரலாம், வேறு அணியோடு செய்யும் டிரேடில் வரலாம், ஒப்பந்தம் முடிந்து விடுதலையாகி வரலாம். வருங்கால டிராஃப்டில் தேர்வு செய்யும் உரிமையையே இன்று விற்கலாம், வாங்கலாம். இதனால்தான் ஒரு மேனேஜரின் முடிவு ஏழெட்டு ஆண்டுகள் கழித்தும் பலன் தந்துகொண்டிருக்கிறது, அல்லது கழுத்தை நெரிக்கிறது.

மேனேஜர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது கண்டுபிடிப்புக் கதைகள். அதில் யோக்கிச் கதைக்கு முதலிடம். 2014 டிராஃப்டில் 41-வது ஆளாக டென்வர் அவரை எடுத்தது. அந்த நேரம் தொலைக்காட்சியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே இரவில் டென்வர் 16-வது தேர்வில் யூசுஃப் நுர்கிச் என்ற இன்னொரு சென்டரை வாங்கியிருந்தது. யோக்கிச் இந்த உயரத்துக்குப் போவார் என்று டென்வருக்குத் தெரிந்திருந்தால் 41 வரை காத்திருப்பார்களா? அந்தத் தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. அதிர்ஷ்டத்துக்கு உரியதை அதற்குக் கொடுத்துவிட்டு, மீதியை மேனேஜருக்குக் கொடுப்பதே நியாயம்.

அந்த மீதி எங்கே இருக்கிறது என்றால், பிறகு நடந்ததில். இருவரையும் சேர்த்து ஆட வைத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 2017 பிப்ரவரியில், அதிக மதிப்புக் கொடுத்து முதலில் எடுத்த நுர்கிச்சை டென்வர் போர்ட்லாந்துக்கு அனுப்பியது. அதுவும் கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து! தாங்கள் பெரிதாக நம்பியவரை விட்டுவிட்டு, பின்னால் வந்தவர் பக்கம் நின்ற அன்றுதான் 2023 சாம்பியன் அணி உருவாகத் தொடங்கியது என்பேன்.

ஒரு மேனேஜரை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தான் பொறுக்கியெடுத்த ஆள் சரிவராதபோது என்ன செய்கிறார்? கௌரவம் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுகிறாரா, காலத்தோடு கைமாற்றுகிறாரா?

கரூசோ வந்த கதையும் இதே வகைதான். 2021 டிராஃப்டில் ஆறாவதாக பிரெஸ்டி எடுத்தவர் ஜாஷ் கிடி. பந்தை அழகாகப் பகிர்வார். ஆனால் தூரத்திலிருந்து அவர் எறிவதை எதிரணிகள் பொருட்படுத்தவில்லை. 2024 பிளே-ஆஃபில் டல்லஸ் அவரைக் காவலில்லாமல் விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியது. தொடர் நடக்கும்போதே தொடக்க ஐவரில் அவர் இடம் போயிற்று. அடுத்த மாதமே பிரெஸ்டி 21 வயது கிடியை சிகாகோவுக்குக் கொடுத்து, 30 வயது கரூசோவை வாங்கினார். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத வீரர் கரூசோ. மேலதிகமாக ஒரு தேர்வு உரிமைகூட தண்டருக்குக் கிடைக்கவில்லை. காகிதத்தில் நஷ்டம் போலத் தெரிந்த அந்த டிரேடுக்கு விடை அந்த ஏழாவது ஆட்டத்தில் இருந்தது.

இரண்டாவது, ஒரு டிரேடின் இரண்டு பக்கக் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். 2019 ஜூலையில் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்த பிரெஸ்டி, ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், டேனிலோ காலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு தேர்வு மாற்று உரிமைகள் என்று அள்ளினார். ஷே 2025-ல் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர் ஆனார். அந்தத் தேர்வுகளில் ஒன்றில் 2022-ல் 12-வதாக வந்த ஜேலன் வில்லியம்ஸ், 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார். கிளிப்பர்ஸிடமிருந்து ஜார்ஜ் 2024-ல் பதிலுக்கு எதுவும் தராமலே கிளம்பிப் போனார். இதை வைத்து கிளிப்பர்ஸை முட்டாள்கள் என்பது அநியாயம். ஜார்ஜ் வந்தால்தான் இன்னொரு நட்சத்திரமான கவாய் லெனர்டும் வருவார் என்ற நிலையில் அவர்கள் இருவருக்குமான விலையைக் கொடுத்தார்கள். அந்த அணி முதன்முறையாக கான்ஃபரன்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போனதும் அதற்குப் பிறகுதான், 2021-ல். முடிவெடுத்த இரவில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்தே முடிவை அளக்க வேண்டும்.

டெட்ராய்ட் அணியை அன்று கட்டிய ஜோ டுமார்ஸையும் அப்படித்தான் அளக்க வேண்டும். 2003 டிராஃப்டில் கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் எல்லோரும் இருக்க, இரண்டாவதாக டார்கோ மிலிசிச்சை எடுத்தவர் அவர். அந்த ஒரு தேர்வுக்காக இன்றும் ஏசுகிறார்கள். ஆனால் அதே சீசனின் பிப்ரவரியில் ரஷீத் வாலஸைக் கொண்டுவந்து, ஜூனில் கோப்பையையும் ஜெயித்தது அவர் கட்டிய அணி. சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், பென் வாலஸ் என்று அதன் தூண்கள் எல்லாம் பிற அணிகள் விட்டுக்கொடுத்தவர்கள்.

ரசிகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு டிரேட் நடந்த அன்றே உங்கள் கருத்தைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். யார் லாபம், ஏன் என்று இரண்டு வரி போதும். சில ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும்போது, மேனேஜர் எவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்கிறார் என்று புரியும்.

இப்போது எழுதிவைக்கத் தோதான கேள்வி ஒன்று ஓக்லஹோமா சிட்டியிலேயே இருக்கிறது. டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் என்று அடுத்தடுத்து மூன்று டிராஃப்டுகளில் பிற்கால எம்விபிக்கள் மூவரை எடுத்தவர் பிரெஸ்டி. 2012-ல் இறுதித் தொடர் வரை போன அந்த அணியிலிருந்து, சில மாதங்களிலேயே, சம்பளப் பேச்சு படியாமல் ஹார்டனை ஹூஸ்டனுக்கு விட்டார். மூவரும் சேர்ந்து கோப்பையைத் தொடவே இல்லை. 2025-ல் தண்டர் கோப்பை வென்ற பிறகு ஷே, வில்லியம்ஸ், செட் ஹோம்க்ரென் மூவருக்கும் அவர் பெரிய ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்திருக்கிறார். மூன்று சம்பளங்களும் சேர்ந்து அழுத்தும்போது கரூசோ போன்றவர்களில் யாரை வைத்துக்கொள்வார், யாரை விடுவார்?