கண்டதைச் சொல்லுதல்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' என்னும் நூலைச் செவிலியர்க்குரிய பாடநூல் என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. இல்லத்திலே பிறர் உடல்நலத்தைப் பேணும் பெண்களுக்காகவே எழுதியதாக அம்மையார் தம் முன்னுரையில் தெளிவாக்கியிருக்கிறார். எனவே, முதியோரையும் படுக்கையுற்றோரையும் வீடுகளிற் சென்று கூலிக்குப் பேணும் இன்றைய உதவியாளரைக் குறித்து எண்ணும்போது இந்நூலை மீண்டும் வாசித்தல் தகும். ஆசிரியை 1851இல் கைசர்ஸ்வெர்த்தில் தியோடர் பிளீட்னர் ஐயரின் டீக்கனஸ் இல்லத்தில் பயின்றவர் என்பதும் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

நோயாளியை உற்றுநோக்குதல் பற்றிய அதிகாரமே இந்நூலின் உயிர். 'நன்றாக உறங்கினாரா?' என்னும் வினாவை அம்மையார் ஏற்பதில்லை. எத்தனை மணி நேரம் உறங்கினார், இரவின் எந்த வேளைகளில் உறங்கினார் என்றே கேட்க வேண்டும் என்கிறார். 'பசியில்லை' என்னும் ஒரு சொல்லை அவர் பிரித்துக் காட்டுவது நம்மை வியக்கவைக்கிறது. சமைத்த பக்குவத்திற் குறை இருக்கலாம். உணவைத் தெரிந்ததிற் குறை இருக்கலாம். கொடுத்த வேளையிற் குறை இருக்கலாம். நோயாளிக்கு மெய்யாகவே பசி இல்லாமலும் இருக்கலாம். நான்கும் ஒரே பெயருக்குள் மறைந்துவிட, நோயாளி மெல்ல மெல்லப் பட்டினியால் மாய்கிறார். முதல் மூன்றோ அடுக்களையிலே திருத்தக்கூடியவை!

பேச்சைப் பற்றியும் அவர் கண்டிப்பானவர். நோயாளியின் முதுகுப்புறத்திலிருந்து பேசலாகாது. அவர் தலையைத் திருப்பாமலே காணும்படி அமர வேண்டும். வெற்று நம்பிக்கை கூறும் விருந்தினரைச் சாடும் பகுதியை வாசிக்கையில், நோயாளர் வீடுகளுக்குச் செல்லும் ஊழியராகிய நாம் சற்றே நாணுகிறோம். யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாதிருந்த வரையில் தவறவில்லையே! 1857 முதல் நெடுங்காலம் நோயால் அறைக்குள் முடங்கியவர் அம்மையார். அந்த அனுபவம் இப்பக்கங்களிலே பேசுகிறது.

ஆயினும் ஒன்றில் நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. பிழையான செய்திக்குக் காரணம் கவனக்குறைவும் பயிற்சியின்மையுமே என்று அவர் பெரிதும் கருதுகிறார். கூலிக்கு வந்த பெண்ணோ கண்டும் சொல்லாதிருக்கிறாள். இடுப்பில் படுக்கைப்புண் சிவந்து தோன்றுவதை முதலிற் காண்பவள், உடம்பு துடைத்துவிடும் அவளே. சொன்னால், 'நீ புரட்டிப் படுக்கவைக்கவில்லை' என்னும் பழி வரும், வேலையும் போகும். ஆகவே, 'நல்லாயிருக்காங்க அம்மா' என்று சொல்லி நகர்கிறாள். கண்ணுக்கு அளிக்கும் பயிற்சி இவ்வச்சத்தை நீக்குமா?

2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில், சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறுபெண் தன் எஜமானின் குஷ்டரோகத்தைக் குறித்து நாச்சியாரிடம் வாய் திறக்கிறாள். அவளுடைய விசுவாசத்தைக் குறித்து நாம் பிரசங்கிக்கிறோம். அடிமைச் சிறுமியின் சொல் அரசன் செவி வரைக்கும் எட்டிய அவ்வீட்டைக் குறித்து எத்தனை முறை பிரசங்கித்தோம்? பின்னர் நாகமான் கோபங்கொண்டு திரும்பிய வேளையிலும் அவனுடைய ஊழியக்காரர் கிட்டிவந்து பேசினார்கள், அவனும் கேட்டான்.

உதவியாளர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்த எண்ணும் சபைகள், ஒரு நாள் வீட்டாரையும் அழைத்து அமர்த்தலாகாதா? காலையில் எத்தனை கரண்டி கஞ்சி இறங்கிற்று, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று கேட்கவும், விடை வரும்போது பழி கூறாமல் செவிகொடுக்கவும் அவர்களுக்கு அங்கே கற்பிக்கலாம்.