விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம்

சின்ன டிசி மோட்டாரை மெதுவாக ஓட்ட, மின்னழுத்தத்தைக் குறைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை அப்படிச் செய்வதில்லை. அதன் 9-ஆம் பின் 5 வோல்ட்டையும் முழுதாகவே கொடுக்கிறது; ஆனால் நொடிக்குச் சுமார் 490 முறை கொடுத்துக் கொடுத்து நிறுத்துகிறது. வேகத்தை மாற்ற, நிரலில் 0 முதல் 255 வரை ஓர் எண் எழுதினால் போதும். 128 என்றால் பாதி நேரம் மின்சாரம், பாதி நேரம் ஓய்வு. அத்தனை வெட்டுகளையும் சுருளும் சுழலும் அச்சும் சேர்ந்து ஒரே சீரான ஓட்டமாக்கிவிடுகின்றன. என்ன அழகான ஏமாற்று! குறைந்த வேகத்தில் காது கொடுத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது அந்த 490-இன் குரல்தான்.

பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. மோட்டாருக்கு அது போதாது. எனவே நடுவில் 2என்2222 டிரான்சிஸ்டர். 270 ஓம் ரெசிஸ்டர் வழியே பேஸுக்கு 16 மில்லிஆம்பியர் போனால், அதைப்போல் பத்து மடங்கைக் கலெக்டர் தாராளமாகத் திறந்துவிடும். முழுத் திறப்பு, இல்லையேல் முழு அடைப்பு. அதனால் சூடும் குறைவு.

மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் சுருள் எதிர்த்து எழுப்பும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். மோட்டாருக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க, ஒரு 1என்4007 டையோடு வையுங்கள். சில ரூபாய்தான், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.