முதல் பெண்ணின் முதல் தோல்வி

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, குப்பனூரில் எங்கள் தெரு அக்கா ஒருவரை வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள். மகளிர் குழுவின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வருபவர். மனுத் தாக்கலுக்கு அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “தோத்தாக்கூடப் பரவால்ல கண்ணு. நின்னா என்னப் பத்தி என்னென்ன பேசுவாங்களோ, அதுதான் பயம்” என்றார்.

பெண் ஆளுமைகளைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கும் கட்டுரைகளில் இந்தப் பயத்துக்குப் பதில் இருக்கிறதா என்று அன்றிலிருந்து தேடுகிறேன். அன்னா சாண்டியை மறுபடி வாசித்தது அதற்காகத்தான்.

என் மாணவிகளுக்கு அன்னா சாண்டி ஒரு பொது அறிவு வினாவின் விடை. இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. 1937இல் திருவிதாங்கூரில் முன்சீப், 1948இல் மாவட்ட நீதிபதி, 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. மகளிர் தினச் சிறப்பிதழ்களிலும் இந்தப் படிக்கட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு படியும் மேலே போகிறது, எங்கும் சறுக்கல் இல்லை. இந்தச் சித்திரத்தில் விடுபட்டுப் போனவை அவருடைய தேர்தல்கள்.

1931இல், நீதிபதியாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், அவர் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குப் போட்டியிட்டார். அன்றைய திருவிதாங்கூர் என்பது இன்றைய குமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியது. ஆகவே இது நம் வரலாறும்தான். சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. எதிரணியினரும் பத்திரிகைகளும் அவரை விரோதத்தோடு எதிர்கொண்டார்கள். அவருடைய வாதங்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு நடத்தையைப் பற்றி அவதூறு பரப்பினார்கள். அவர் தோற்றார். ஆனால் ஒதுங்கிவிடவில்லை. மறுபடியும் நின்றார், வென்றார், 1932 முதல் 1934 வரை சபையில் அமர்ந்தார்.

தோல்விக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட அந்தக் காலம்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அவதூறு பேசியவர்களில் பலர் படித்தவர்கள், கனவான்கள். அவர்கள் நடமாடும் அதே பொதுவெளிக்கு அவர் திரும்பி வந்தார். அதற்கான பயிற்சி அவருக்கு முன்பே இருந்தது. பெண்களுக்கு அரசு வேலை கூடாது என்று 1920களின் இறுதியில் ஒரு பிரமுகர் திருவனந்தபுரத்தில் பேசியபோது, அதற்கு மறுப்பாக அன்னா சாண்டி ஆற்றிய உரை ஒரு வழக்கு விசாரணையின் வடிவில் இருந்தது. எதிராளியை வாதியாக்கி, அவருடைய ‘மனு’வை ஒவ்வொரு கூறாக உடைத்துத் தள்ளுபடி செய்கிற உரை அது. ‘ஸ்ரீமதி’ என்ற பெண்கள் இதழையும் அவரே நடத்தினார். நீதிபதியின் நாற்காலி கிடைப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதும் மொழியை அவர் மேடையிலும் அச்சிலும் உருவாக்கிவிட்டார். படிக்கட்டுச் சித்திரம் மறைப்பது இந்த உழைப்பைத்தான்.

அந்த நாற்காலியை அவருக்கு வாக்காளர்கள் தரவில்லை, திவான் சி.பி. ராமசாமி ஐயரின் நிர்வாகம் தந்தது. நம் நாட்டில் இன்றும் நீதிபதிகள் வாக்கில் வருவதில்லை, தேர்வும் நியமனமும்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் விசாரணை நீதிமன்ற நீதிபதியையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1920ஆம் ஆண்டிலேயே, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ஃபுளோரன்ஸ் ஆலன் அப்படித் தேர்வானார். 1922இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் வாக்கில் வென்றார். அதே ஆலன் 1926இலும் 1932இலும் நாடாளுமன்றத்துக்குப் போக முயன்று தோற்றார். சட்டம் இயற்றும் இடத்துக்கு அவரை அனுப்ப வாக்காளர்கள் அப்போது முன்வரவில்லை.

வாக்கைவிட நியமனம் பெண்ணுக்குப் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. நியமனத்திலும் ஒரு சோதனை உண்டு. தன்னை ஒரு பரிசோதனையாகவே அந்த இருக்கையில் அமர்த்தினார்கள் என்றும், தான் தடுமாறினால் கெடுவது பெண்களின் பொதுக் காரியம் என்று அஞ்சியதாகவும் அன்னா சாண்டி பின்னாளில் நினைவுகூர்ந்தார். தவறான தீர்ப்பு எழுதும் ஆண் முன்சீப் தனி ஆளாகத்தான் தவறுகிறார். பெண் முன்சீப் தவறினால், ‘பொம்பளைக்கு இது சரிப்படாது’ என்று மொத்தப் பெண்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பாகிவிடுகிறது. தேர்தலில் நடத்தையைக் கேட்டார்கள், நியமனத்தில் தகுதியைக் கேட்டார்கள். இரண்டு கேள்விகளுமே அவரைத் தனி ஆளாகப் பார்க்க மறுத்தவை.

அவரைப் புனிதப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. சமத்துவத்தை அவர் தயவின்றிக் கேட்டார். திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு இருந்தபோது அந்தச் சலுகையையே எதிர்த்தார். தூக்குக் கயிறே வேண்டாம் என்று சொல்லும் இன்றைய பெண்ணியவாதியான எனக்கு இது உறுத்துகிறது. ஆனால் 1935இல் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில், கருத்தடை பற்றி எடுத்துச்சொல்லும் மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்ற தீர்மானத்தை, தன் கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்களே எதிர்த்தபோதும் முன்வைத்தவர் அவர். சிக்கலான மனுஷி. ‘முதல் பெண்’ என்ற பட்டத்துக்குள் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் ஃபாத்திமா பீவி. அன்னா சாண்டியின் முன்னுதாரணத்தைப் பார்த்த தந்தை, மகளைச் சட்டம் படிக்க வைத்தார். 1958இல் முன்சீப்பாகத் தொடங்கி, விசாரணை நீதிமன்றங்களின் ஒவ்வொரு நிலையையும் கடந்து, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1931இல் தோற்றவர் அத்தோடு வீட்டுக்குள் போயிருந்தால் அந்தத் தந்தை யாரைப் பார்த்திருப்பார்?

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டமானது. இடத்தை ஒதுக்க முடிந்த சட்டத்தால் டீக்கடை பெஞ்சின் வாயை மூட முடியவில்லை. அதை எதிர்கொள்ளத் துணை தேடும் ஒரு பெண்ணுக்கு ‘முதல் பெண் நீதிபதி’ என்ற வரி உதவாது. அவதூறு பேசினார்கள், தோற்றார், மறுபடி நின்றார் என்ற மூன்று செய்திகள் உதவலாம்.

அடுத்த தேர்தல் வரும்போது அக்காவிடம் உயர்நீதிமன்றக் கதையைச் சொல்லப்போவதில்லை. 1931ஐச் சொல்லப்போகிறேன். நிற்பதும் நிற்காததும் அவர் விருப்பம். நின்றால், அவரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் பேச எங்கள் தெருவில் நாங்கள் சில பெண்கள் இருப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் அதை நான் சொல்லவில்லை.